கால் ஊன்றாமல் கடலூர் வரை

1. என் கால் மேல் நானே ஏற்றிக்கொண்டது

சைடு வீல் வண்டி எங்கள் கடைக்கு வந்த முதல் நாளே, அதை என் கால் மேல் நானே ஏற்றிக்கொண்டேன்.

2005இல் சிதம்பரத்தில் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமில் சேல்ஸ்மேனாக இருந்தேன். வீடு கடலூரில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பன்னிரண்டு வருஷம் பைக் ஓட்டியவன் என்பதால், சக்கரம் உள்ள எதையும் ஓட்டிவிடலாம் என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. முதலாளிக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்தது. அதனால் புது வண்டியை ஓட்டிக் காட்ட என்னைத்தான் கூப்பிட்டார்.

கால் ஊனமுற்றவர்களுக்காகச் செய்த வண்டி அது. கியர் இல்லாத சாதாரண ஸ்கூட்டர்தான். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு இரும்புச் சட்டம் போட்டு பக்கத்துக்கு ஒரு சின்னச் சக்கரம் மாட்டியிருப்பார்கள். எண்ணினால் நான்கு சக்கரம் வரும். ஆனாலும் ஊரில் அதற்கு மூணு சக்கர வண்டி என்றுதான் பெயர். கையால் பெடல் சுற்றுகிற பழைய மூணு சக்கர சைக்கிளின் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு சக்கர வண்டியில் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் நாம் ஹேண்டிலை அதிகம் திருப்புவதில்லை. உடம்பைச் சாய்க்கிறோம், வண்டியும் கூடச் சாய்கிறது. சைடு வீல் வண்டி சாயாது. அதை நேராக நிமிர்த்தி வைக்கத்தானே அந்தச் சக்கரங்களே இருக்கின்றன. இது எனக்குத் தெரியாது. கடை வாசலில் திரும்பும்போது நான் மட்டும் சாய்ந்தேன். வண்டி நேராக எதிரே நின்ற கரும்பு ஜூஸ் வண்டியை நோக்கிப் போனது. பதறிப்போய், பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் இடது காலைத் தரையில் ஊன்றினேன். பின்னால் வந்துகொண்டிருந்த சைடு வீல், வைத்த பாதத்தின் மேல் ஏறி நின்றது.

வண்டி நின்றது ஒன்றுதான் லாபம். முதலாளி மெதுவாக நடந்து வந்து பார்த்தார்.

"யோவ் கலியபெருமாளு, அடுத்தவன் கால் மேல ஏத்துனவன பாத்திருக்கேன். தங்கால்ல தானே ஏத்திக்கிட்டவன இப்பதான்யா பாக்குறேன்."

எலும்பு முறியவில்லை. இரண்டு விரல் நகம் போயிற்று. டாக்டர் கட்டுப் போட்டு, பத்து நாளைக்கு நொண்டித்தான் நடக்க வேண்டும் என்றார். அந்தப் பத்து நாளில்தான் என் வேலை வாழ்க்கையிலேயே மட்டமான காரியத்தைச் செய்தேன்.

2. ஆமாங்க

விபத்துக்கு மூன்றாம் நாள் அருள்மேரி தன் தம்பியோடு கடைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். வீடு சிதம்பரத்திலேயே. இடது காலில் காலிப்பர் என்கிற இரும்புப் பட்டை, கையிடுக்கில் ஒரு ஊன்றுகோல். புவனகிரியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இத்தனை நாளும் தம்பி சகாயம் பைக்கில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். சகாயத்துக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்து, அடுத்த மாதக் கடைசியில் கிளம்புகிறார்.

"பஸ்ல போலாம்தான்," என்றார் அருள்மேரி. "மொதப் படி என் இடுப்பு ஒசரம் இருக்கு. ஒரு கால தூக்கி வெச்சி இன்னொரு கால வெக்கறதுக்குள்ள கண்டக்டர் விசில் குடுத்துர்றாரு. ரெண்டு தடவ உழுந்துட்டேன். வண்டி கெடைக்கலன்னா வேலய உட்டுற வேண்டியதுதான்."

வண்டியைக் காட்ட நான் நொண்டிக்கொண்டே முன்னால் போனேன். அவர் என் நடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணே, ஒங்களுக்கும் போலியோவா?"

உண்மையைச் சொல்வதென்றால், இதே வண்டியை என் காலில் நானே ஏற்றிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். வண்டி விற்கிறவன் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனால் அதற்காக மட்டும் நான் பொய் சொல்லவில்லை. கடைக்குள் வந்ததிலிருந்து இறுகியிருந்த அவர் முகம், அந்தக் கேள்வியைக் கேட்கும்போது இளகியிருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாபாரம் படிகிற முகம் அது என்று எனக்குத் தெரிந்திருந்தது. சரியான காரணம் அதுதான்.

"ஆமாங்க. சின்ன வயசுல."

கல்லாவில் இருந்த முதலாளி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மறுபடி கணக்கு நோட்டில் குனிந்துகொண்டார்.

"இந்த வண்டி ஓட்டுறீங்களாண்ணே?"

"தெனமும் ஓட்டுறேங்க."

"மேடு பள்ளத்துல எப்புடி?"

"கப்பல் மாதிரி போவும்." கடலூரில் பிறந்தவனாக இருந்தும் நான் கப்பலில் ஏறியதில்லை.

"தனியா போய்ட்டு தனியா வந்துர்லாமா?"

"தாராளமா."

அவர் கைப்பையைத் திறந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தார். அதைப் பிரிக்காமலே திரும்ப உள்ளே வைத்துவிட்டார். "சரிண்ணே. நீங்க சொன்னா சரி," என்றார்.

சகாயம் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். "இது நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னு செஞ்சதுங்க, மத்தவங்க ஓட்டுனா பழக்கம் கெட்டுப்போயிரும்," என்று தடுத்துவிட்டேன். அவர் காலிலும் ஏறிவிடுமோ என்று பயம்.

சகாயம் பக்கத்தில் நடக்க, ஒரு வாரம் தெருவில் ஓட்டிப் பழகி, எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு அருள்மேரி வேலைக்குப் போக ஆரம்பித்தார். முதல் சர்வீஸுக்கு வந்தபோது என் கால் முழுதாக ஆறியிருந்தது. நான் எழுந்து நொண்டினேன். வாழைப்பழம் இரண்டு சீப்பு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

3. பாலத்தில் ஓடியது

சகாயம் ஊருக்குப் போகப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் கடைக்கு போன் வந்தது. அருள்மேரி பேசினார். புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது, நகரவில்லை, பின்னால் பஸ் நிற்கிறது, உடனே வாருங்கள் என்றார்.

கடை பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தின் இந்தப் பக்கமே லாரியும் பஸ்ஸும் அடைத்து நின்றன. பைக் போகவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டுப் பாலம் முழுக்க ஓடினேன். அந்தக் கோடியில் அவர் வண்டி மேலேயே உட்கார்ந்து, நான் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் என் காலையே பார்த்தார். அப்போதுதான் எனக்கும் என் கால் ஞாபகம் வந்தது.

"நல்லா ஓடுறீங்களே, சார்," என்றார்.

அதுவரை என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே நடந்தது இதுதான். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய ஒரு பள்ளம் ரோட்டில் இருந்தது. இரண்டு சைடு வீலும் பள்ளத்தின் இரண்டு கரையிலும் ஏறிக்கொள்ள, நடுச் சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. எஞ்சின் சுற்றுவது அந்த நடுச் சக்கரத்தைத்தான். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சக்கரம் காற்றில் சுற்றும், வண்டி நகராது. கால் வலுவுள்ளவன் என்றால் இறங்கி ஒரு தள்ளு தள்ளுவான்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலு பேரும் நானுமாக அவரோடு சேர்த்து வண்டியைத் தூக்கி வைத்தோம். அவர் முன்னால் பார்த்தபடியே இருந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இதோட மூணாவது தடவ," என்றார், கூட்டம் கலைந்த பிறகு. "மொத ரெண்டு தடவயும் காலைல. ரெண்டு நாளும் லேட். ரத்தம் குடுக்க வந்தவங்க காத்துக் கெடந்து திரும்பிப் போய்ட்டாங்க. இன்னொரு நாள் லேட்டானா வேற ஆள் பாத்துக்கறேன்னு லேப்காரர் சொல்லிட்டாரு. மொத ரெண்டு தடவ நான் ஒங்களக் கூப்புடல. ஏன் தெரியுமா? எனக்கு ஓட்டத் தெரியலன்னு நெனச்சேன். அண்ணன் தெனமும் ஓட்டுறாரே, நமக்குத்தான் வரலன்னு நெனச்சேன்."

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. சேல்ஸ்மேனுக்குத் தெரிந்த பாஷை ஒன்றுதான். "மேடம், சீட் கவர் ஒண்ணு ஃப்ரீயா போட்டுத் தர்றேன்," என்றேன். இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது.

"சீட் கவர் வேணாம் சார்," என்றார். "கடக்காரங்க பொய் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தயாராத்தான் வந்தேன். நம்ம ஆளுன்னு நெனச்சதும் கேக்க வந்தத எல்லாம் கேக்காம உட்டுட்டேன். எனக்கு அதுதான் ஆத்திரம்."

கைப்பையைத் திறந்து அந்தப் பழைய காகிதத்தை என்னிடம் கொடுத்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் பதினோரு கேள்விகள் எழுதியிருந்தார். பின்னால் போகுமா? பெட்ரோல் போடும்போது இறங்கணுமா? ஊன்றுகோலை எங்கே வைப்பது? பேட்டரி இறங்கிப்போனால் உதைக்காமல் ஸ்டார்ட் பண்ண முடியுமா? இப்படியே போனது. எனக்கு ஒன்றுக்குக்கூடப் பதில் தெரியவில்லை. அந்த வண்டியை நான் ஓட்டிய தூரம் மொத்தம் முப்பதடி.

"வண்டிய சரி பண்ணிக் குடுக்கறேங்க. கடலூர்லதான் சட்டம் அடிச்சது. நாளைக்கே லோடு ஆட்டோவுல ஏத்தி அனுப்பிர்றேன்."

"லோடு ஆட்டோ வேணாம். நீங்களே ஓட்டிட்டுப் போங்க. கால கீழ வெக்காம. போய்ட்டு வந்து பதினோரு கேள்விக்கும் பதில் சொல்லுங்க."

"சரிங்க, வாக்கு குடுக்கறேன்," என்றேன்.

4. நாற்பத்தைந்து கிலோமீட்டர்

சிதம்பரத்திலிருந்து கடலூர் நாற்பத்தைந்து கிலோமீட்டர். மே மாதம். காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முதல் பதில் கிடைத்தது. ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். பைக்கில் போகும்போது அது தெரியாது. இந்த வண்டி அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு இடது பக்கமே இழுத்தது. விடாமல் ஹேண்டிலை வலது பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். பி.முட்லூர் போவதற்குள் வலது தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நுழைந்தேன். இந்த மாதிரி ஸ்கூட்டரில் பெட்ரோல் மூடி சீட்டுக்கு அடியில் இருக்கும்.

"எறங்குங்க சார்," என்றார் பங்க் ஊழியர்.

"எறங்க முடியாதுங்க."

அவர் என் இரண்டு கால்களையும் பார்த்தார். "ஏன் சார்?"

"ஒருத்தருக்கு வாக்கு குடுத்துருக்கேன்."

"வாக்கு குடுத்தா சீட்டு தொறக்காது சார்."

கடைசியில் முன்னால் நகர்ந்து, கால் வைக்கும் பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஹேண்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் சீட்டைத் தூக்கிப் பெட்ரோல் போட்டார். பின்னால் வரிசையில் நின்ற காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு வளைகிற முட்டி இருந்ததால் அப்படியாவது உட்கார முடிந்தது. காலிப்பர் போட்ட காலை அப்படி மடக்க முடியாது என்பது பங்கை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. பெட்ரோல் கேள்விக்கு அதுதான் பதில்.

புதுச்சத்திரத்தில் டீ குடிக்கலாம் என்று ஒரு கடையின் சுவரோரம் நிறுத்தினேன். டீயை ஒருவர் வண்டிக்கே கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தால் முன்னால் சுவர். வண்டியில் ரிவர்ஸ் கிடையாது. பைக்காரன் காலால் தரையை உந்திப் பின்னால் வந்துவிடுவான். நான் வாக்குக் கொடுத்தவன். பத்து நிமிஷம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் ஒட்டியிருந்த காதுகுத்து அழைப்பு இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அப்புறம் போகிற ஒருவரைக் கூப்பிட்டுப் பின்னால் இழுத்துவிடச் சொன்னேன். இழுத்துவிட்டு அவர் அக்கறையாகக் கேட்டார்.

"கால்ல என்னங்க?"

"ஒண்ணும் இல்லீங்க," என்றேன். அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. கால் சரியாக இருக்கிறது, தலையில்தான் ஏதோ என்று நினைத்திருப்பார்.

வாக்கை ஒரே ஓர் இடத்தில் மீறினேன். ஆலப்பாக்கம் தாண்டி, ஒரு பனைமரத்துப் பக்கம் இறங்கி ஒதுங்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்தபோது, இதே ரோட்டில் இந்தப் பெண்மணிக்கு இப்படி ஒன்று என்றால் எங்கே போவார், எப்படி இறங்குவார் என்று நினைத்துப் பார்த்தேன். அவருடைய பதினோரு கேள்வியில் இது இல்லை. கடைக்காரனிடம் எழுதிக் கேட்க முடியாத கேள்வி. அதற்கு அப்புறம் கடலூர் வரை எனக்கு வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை.

முதுநகரில் பாஷா பாய் பட்டறை. எங்கள் வண்டிகளுக்குச் சைடு வீல் சட்டம் அடித்துக் கொடுக்கிற வெல்டர் அவர். மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டதால் அவர்தான் கைகொடுத்து இறக்கிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி, ஆக்ஸிலுக்கு ஸ்பிரிங் இல்லாம சட்டத்துல நேரா பத்த வெச்சா நடு வீல் தொங்கத்தான் செய்யும். ரெண்டு பக்கமும் தனித்தனியா ஷாக் அப்சார்பர் வெக்கணும். நான் அப்பவே சொன்னேன். ஒங்க மொதலாளிதான், பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான பாய் இருக்கு, வெலை ஜாஸ்தியா வேணாம்னாரு."

பட்டறை போனிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டேன். முதல் ஐந்து நிமிஷம் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. மூச்சு வாங்க நிறுத்தியபோது நான் சொன்னேன்:

"சார், அந்த வண்டி பின் மட்கார்டுல நம்ம கட பேரு, போன் நம்பரு ஒட்டியிருக்கு. பாலத்துல ஒரு பஸ் ஜனமும் அதத்தான் படிச்சிக்கிட்டு நின்னுது. இன்னும் ரெண்டு பேரு இதே வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்துருக்காங்க."

"மூணு வண்டிக்கும் மாத்தச் சொல்லித் தொலை," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாஷா பாய் இரண்டு நாளில் முடித்தார். ஒவ்வொரு சைடு வீலும் தனித் தனியாக ஏறி இறங்குகிற மாதிரி ஷாக் அப்சார்பர் போட்டார். சட்டத்தின் அகலத்தில் நான்கு விரல் குறைத்தார். ஊன்றுகோலுக்கு வலது பக்கம் ஒரு கொக்கி, ஏறும்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. பட்டறை வாசலில் ஒரு பள்ளம் தோண்டச் சொல்லி அதில் நானே இறக்கி ஏற்றிப் பார்த்தேன். ஏழு தடவை. நடுச் சக்கரம் ஒரு தடவைகூடத் தரையை விடவில்லை.

5. பதில்கள்

வண்டியை அருள்மேரி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பதினோரு பதிலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

பின்னால் போகாது, அதனால் சுவரைப் பார்த்து நிறுத்தக் கூடாது, கிளம்புகிற பக்கம் பார்த்து நிறுத்த வேண்டும். இறங்காமல் பெட்ரோல் போட முடியாது, ஆள் கூட இருக்கும்போதே நிரப்பிக்கொள்ள வேண்டும். பேட்டரி இறங்கினால் உதைக்க இன்னொருவர் கால்தான் வேண்டும், அதனால் பழசான பேட்டரியை வைத்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. வளைவில் வேகம் கூடாது, இது சாயாது, கவிழும். மற்றதும் இப்படித்தான். பாதிக்கு மேல் "முடியாது" என்றே பதில்.

"இதெல்லாம் அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?"

"ஆமாங்க."

"வாங்கியிருப்பேன் சார். எனக்கு வேற வழி இல்ல. எதெது முடியாதுன்னு தெரிஞ்சிக்கிட்டு வாங்கியிருப்பேன்."

"பொய் சொன்னது தப்புங்க. என்ன மன்னிச்சிடுங்க," என்றேன். இதைச் சொல்ல எனக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஆயிற்று.

அவர் தாளின் கடைசி வரிக்குப் போனார். "பன்னெண்டாவதா ஒண்ணு எழுதியிருக்கீங்களே," என்றார். வழியில் ஒதுங்க வசதியுள்ள இடங்கள் என்று மூன்று இடம் எழுதியிருந்தேன். சிதம்பரம் முதல் புவனகிரி வரை முன்தினம் பைக்கில் போய், படி இல்லாத கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வந்திருந்தேன். ஒரு பங்க், ஒரு மருத்துவமனை, ஒரு கல்யாண மண்டபம். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சகாயம் சிங்கப்பூர் போன மறுநாள் காலை, நான் கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் புவனகிரி பாலத்துக்குப் போய் நின்றேன். ஆறே முக்காலுக்கு அவர் வந்தார். அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. சைடு வீல் ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது, வண்டி ஒரு குலுங்கு குலுங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அவர் என்னைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார். ஏழு மணிக்கு அங்கே ஊசி குத்தக் கை நீட்டிக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு டீ குடித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ். வண்டியின் அமைப்பை மாற்றியிருப்பதால் ஆர்.சி.யில் அதைப் பதிய வேண்டும். அந்த வகைக்கு, ஊனமுற்றவர் வண்டி என்ற பொருளில், 'இன்வேலிட் கேரேஜ்' என்று பெயர். லைசென்ஸிலும் அதுதான் வரும். ஓட்டிக் காட்டி டெஸ்ட் முடித்து வந்தபின் அருள்மேரி அந்த வார்த்தையைக் காட்டிக் கேட்டார்.

"சார், இன்வேலிட்டுன்னா செல்லாததுன்னுதான அர்த்தம்?"

நான் அந்த வார்த்தையை மறுபடி படித்துப் பார்த்தேன்.

"செல்லாத வண்டின்னு எழுதிட்டாங்க. அது பாட்டுக்குச் செல்லுது," என்று சொல்லி முதல் தடவையாகச் சிரித்தார்.

6. அதற்கப்புறம்

2012 வரை அந்தக் கடையில் இருந்தேன். சைடு வீல் வண்டி கேட்டு வருகிறவர்களை முதலாளி என்னிடமே அனுப்புவார். நான் மூன்று விஷயம் செய்வேன். அந்தப் பதினோரு கேள்விகளை அவர்கள் கேட்காவிட்டாலும் நானே படித்துப் பதில் சொல்வேன். கேட்டுவிட்டுச் சிலர் எழுந்து போயிருக்கிறார்கள். காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த ஒரு டெய்லரை, வீட்டுச் சந்தின் அகலத்தை அளந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். வண்டி சந்துக்குள் நுழையாது என்று ஆயிற்று, அவர் வரவே இல்லை. "கடைய நடத்துறியா, இல்ல மூட வெக்கிறியா?" என்று முதலாளி அன்றைக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டத்துக்கு அடியில் குனிந்து ஷாக் அப்சார்பர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். குனிய முடியாதவர்களுக்குக் கண்ணாடி பிடித்துக் காட்டுவேன். மூன்றாவதாக, ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர் என்றால், கடை வாசலில் ஒரு ரவுண்டு போதாது, உங்கள் வீட்டிலிருந்து நீங்கள் போக வேண்டிய இடம் வரை உங்கள் ரோட்டிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பேன்.

அருள்மேரி எனக்கு ஆறு பேரை அனுப்பியிருக்கிறார். ஒவ்வொருவரிடமும், "அங்க கலியபெருமாள் சார்னு ஒருத்தர் இருப்பாரு. நல்லவருதான். ஆனா அவரு சொல்றத அப்புடியே நம்பாத, கேட்டுக் கேட்டு எழுதிக்க," என்று சொல்லித்தான் அனுப்புவார். அவர்கள் வந்து அதை என்னிடமே சொல்வார்கள். கடைசி வரை நான் அவருக்கு 'சார்' தான்.

என் மூன்றாவது யோசனையை முழுதாகக் கேட்டு நடந்தவர் ஒரே ஒருவர். சேத்தியாத்தோப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த இளைஞர், வைத்தியலிங்கம் என்று பெயர். பழைய சைடு வீல் வண்டி ஒன்றை மூன்று வருஷம் ஓட்டியவர். இப்போது முதன்முதலாகப் புதிது வாங்க வந்திருந்தார். எங்கள் டெமோ வண்டியை எடுத்துக்கொண்டு போய், அவர் வீட்டிலிருந்து கடை வரைக்கும் மார்க்கெட் வழியாக, சந்தைக் கூட்டத்தில், ஊன்றுகோலை மாட்டிக்கொண்டு அரை நாள் ஓட்டினார். நான் பின்னாலேயே பைக்கில் போனேன். திரும்பி வந்து, கைப்பட எழுதிய தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஷாக் அப்சார்பர் நல்லா இருக்கு. கொக்கி நல்லா இருக்கு. இறக்கத்தில் பிரேக் போட்டால் நடுச் சக்கரம் மட்டும் பிடிக்கிறது, வண்டி வழுக்குகிறது. கடலூரில் ஒரு கடையில் சைடு வீலுக்கும் சேர்த்துப் பிரேக் வைத்துத் தருகிறார்களாம், அதையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

பார்த்துவிட்டு அங்கேயே வாங்கிவிட்டார். புது வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து காட்டி, "சார், நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன். ரொம்ப நன்றி," என்று என் கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கொடுத்தார். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவருக்கும் ஒரு மைசூர்பாகு கொண்டுபோய் வைத்தேன். அவர் தொடவில்லை.

நான் சொன்ன யோசனைகளில், ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்ற இது ஒன்றாவது சரிதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறுதிப்பட்டது.